46.30 யுவான் தின்பண்டம்: ஷாங்காய் டிஸ்னிலேண்ட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜனவரி 30. சீனப் புத்தாண்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஷாங்காயில் கிழக்குச் சீன அரசியல், சட்டப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி டிஸ்னிலேண்டுக்குப் போனார். உள்ளே கொறிப்பதற்குக் கொஞ்சம் தின்பண்டம் வாங்கிப் பையில் வைத்திருந்தார். மொத்த விலை 46.30 யுவான். நுழைவாயிலுக்கு முன்னால் பாதுகாப்புச் சோதனை நடந்தது. ஊழியர்கள் பையைத் திறந்து பார்த்தார்கள். தின்பண்டம் கண்ணில் பட்டது. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. வெளியே உட்கார்ந்து தின்று முடித்துவிட்டு வரலாம். கட்டணம் கட்டிப் பொருள் காப்பகத்தில் வைத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் எறிந்துவிட்டு வரலாம். நுழைவுச்சீட்டுக்குப் பணம் கட்டியாயிற்று, பின்னால் வரிசை நெருக்குகிறது, உள்ளே சவாரிகளுக்கு இன்னும் நீளமான வரிசை காத்திருக்கிறது. இப்படி ஒரு இடத்தில் நிற்கும்போது நம்மில் அநேகம் பேர் முணுமுணுத்துக்கொண்டே பண்டத்தை விட்டுவிட்டுப் போய்விடுவோம். முதல் சவாரியில் ஏறி இறங்குவதற்குள் அது மறந்தும் போகும். தீம் பார்க்குகளின் உணவுத் தடை உலகெங்கும் நிலைத்து நிற்பதே இந்த மறதியின் மேல்தான்.

அந்த மாணவி மறக்கவில்லை. மார்ச் மாதம், கூடப் படித்தவர்களின் துணையோடு, ஷாங்காயின் புதோங் புதுப்பகுதி மக்கள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கேட்டது இரண்டே விஷயம். வெளி உணவைத் தடுக்கும் பூங்கா விதி செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். தனக்கு நேர்ந்த இழப்பான 46.30 யுவானைப் பூங்கா திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கு லட்சம், அவமானத்துக்கு லட்சம் என்று எதுவும் இல்லை. கோரிக்கையைத் தின்பண்ட விலையோடு நிறுத்திக்கொண்டது அந்த வழக்கின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். பணத்துக்காகப் போட்ட வழக்கு என்று யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தின்பண்டத் தடையை எல்லோரும் விலையோடு சேர்த்தே பேசுகிறோம். உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை என்ற புலம்பல் நியாயமானதுதான். ஆனால் இந்த வழக்கு அதைவிட ஆழமான ஒன்றைத் தொட்டது. ஒரு பூங்கா உணவைத் தடை செய்தால், அந்தத் தடையை நிறைவேற்ற அதற்கு ஒரே வழிதான் உண்டு: வருகிறவர் பைக்குள் கையை விட வேண்டும்.

விதி எப்போது வந்தது

ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2016 ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. சீனப் பெருநிலத்தில் அதுதான் முதல் டிஸ்னி பூங்கா. உலகில் ஆறாவது டிஸ்னி வளாகம். அமெரிக்காவின் அனாஹைம் (1955), ஆர்லாண்டோ (1971), பிறகு டோக்கியோ (1983), பாரிஸ் (1992), ஹாங்காங் (2005) ஆகியவற்றுக்குப் பிறகு வந்தது. உரிமையில் 57 விழுக்காடு ஷாங்காய் அரசு சார்ந்த ஷென்டி குழுமத்திடமும், 43 விழுக்காடு டிஸ்னியிடமும் இருக்கிறது. அமெரிக்க நிறுவனம் சீனரை ஏய்க்கிறது என்று பின்னால் எழுந்த ஆவேசத்தில் இந்த 57 விழுக்காடு பலருக்கு நினைவில் இல்லை. உரிமையில் பெரிய பங்கு உள்ளூர் அரசு நிறுவனத்திடம்தான் இருந்தது.

திறந்த காலத்தில் உணவு விதி இவ்வளவு இறுக்கமாக இல்லை. 2017 நவம்பரில்தான் முழுத் தடை வந்தது. புதிய விதிப்பட்டியலில் உள்ளே கொண்டுவரக் கூடாதவை என்று மூன்று இருந்தன: உணவுப் பொருள்கள், மதுபானம், 600 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட மதுவல்லாத பானம்.

இந்த மூன்றாவது வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அரை லிட்டர் இனிப்புப் பானம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். அது கொட்டும், ஒட்டும், எறும்பு மொய்க்கும். உறை பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் போகக் கூடாது. உணவுத் தடைக்குப் பூங்காக்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் சுத்தம், சுகாதாரம். அதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கினால் வெயிலில் யாராவது மயங்கி விழுவார்கள், பழி பூங்காவின் மேல் வரும். அதனால் பானத்துக்குக் கதவு கொஞ்சம் திறந்தே இருந்தது என்பது என் கணிப்பு. பிஸ்கட்டுக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. பசிக்கிறவர் கடையைத் தேடிப் போவார்.

 

பணம் எங்கிருந்து வருகிறது

பூங்கா நடத்துகிறவர் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு ஒரு தீம் பார்க்கின் வருமானத்தில் ஒரு பகுதிதான். டிஸ்னி தன் பங்குதாரர்களுக்கு வெளியிடும் ஆண்டுக் கணக்கிலேயே இது தெளிவாக இருக்கிறது. 2019 நிதியாண்டில் உலகெங்கும் உள்ள அதன் பூங்காக்களில் நுழைவுச்சீட்டால் வந்தது சுமார் 750 கோடி டாலர். பூங்காக்களிலும் கப்பல் பயணங்களிலும் விற்ற பொருள்கள், உணவு, பானம் ஆகியவற்றால் வந்தது ஏறத்தாழ 600 கோடி டாலர். வாசலில் ஒரு ரூபாய் வாங்கினால் உள்ளே எண்பது பைசா வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷாங்காயில் அப்போது சாதாரண நாள் நுழைவுச்சீட்டு 399 யுவான். கூட்ட நாளில் 575, உச்சக் கூட்ட நாளில் 665. தீம் பார்க் துறை வெளியிடும் ஆண்டறிக்கைப்படி 2018இல் அந்தப் பூங்காவுக்கு வந்தவர்கள் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர். தலைக்குப் பத்து யுவான் கூடுதலாக உணவு விற்றாலே ஆண்டுக்குப் பதினொன்றரைக் கோடி யுவானுக்கு மேல் கிடைக்கும். இது நான் போட்ட மனக்கணக்கு; பூங்கா சொன்னதல்ல. ஆனால் பூங்காவின் கணக்குப்பிள்ளை இதைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருப்பார் என்று நம்ப முடியவில்லை.

அந்த வருமானத்தில் செலவும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமையலறை, ஆள், குளிர்பதனம், கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் திறந்து வைக்க வேண்டிய கடை, எல்லாம் இருக்கிறது. இதை நேர்மையாகச் சொல்லி, எங்கள் கடைகள் ஓடாவிட்டால் சீட்டு விலையை ஏற்ற வேண்டிவரும் என்று ஒரு பூங்கா சொன்னால், அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். சுத்தம், சுகாதாரம் என்று சொல்லும்போதுதான் பேச்சு முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. உள்ளே வாங்கிய சோளப்பொரியும் தரையில் சிந்தத்தான் செய்யும்.

டிஸ்னி சொன்ன பதில்

வழக்கு செய்தியாகி ஊர் முழுக்கப் பேசத் தொடங்கிய பிறகு பூங்கா விளக்கம் கொடுத்தது. சீனாவில் உள்ள பெரும்பாலான தீம் பார்க்குகளிலும் ஆசியாவில் உள்ள மற்ற டிஸ்னி பூங்காக்களிலும் இதே விதிதான் என்றது. குழந்தை உணவு, உடல்நிலை காரணமான உணவு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றது. சொந்த உணவு வைத்திருப்பவர்கள் வாசலுக்கு வெளியே உள்ள ஓய்விடத்தில் சாப்பிடலாம் என்றது.

ஆசியாவில் உள்ள மற்ற பூங்காக்கள் என்ற அந்த ஒற்றைச் சொற்றொடர்தான் தீயில் எண்ணெய் ஊற்றியது. சொன்னது பொய்யல்ல. டோக்கியோவிலும் ஹாங்காங்கிலும் அப்போது அதே தடை இருந்தது. டோக்கியோவில் வாசலுக்கு வெளியே சாப்பாட்டுக்கென்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் படித்தவர் மனதில் அடுத்த கேள்வி தானாக எழுந்தது: அப்படியானால் ஆசியாவுக்கு வெளியே?

அனாஹைம், ஆர்லாண்டோ, பாரிஸ் ஆகிய மூன்று இடங்களிலும் சொந்த உணவைக் கொண்டுபோகலாம். அமெரிக்கப் பூங்காக்களின் விதி விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. சொந்தமாகச் சாப்பிடுவதற்கு என்றால் சரி. கண்ணாடிப் புட்டி கூடாது, மது கூடாது, சூடுபடுத்த வேண்டிய உணவு கூடாது, கடுமையான வாடை கூடாது. குளிர்ப்பெட்டிகூடக் கொண்டுவரலாம், 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருந்தால் போதும். ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாடு, பழம் எல்லாம் அடங்கும் பெட்டி அது. அங்கே அந்தப் பெட்டியைச் சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஷாங்காயில் 46.30 யுவான் பொட்டலம் வாசலில் நின்றுவிட்டது.

ஒரே பெயர், ஒரே மாதிரிக் கோட்டை, ஒரே மாதிரிச் சவாரி. கிழக்கில் ஒரு விதி, மேற்கில் ஒரு விதி. சுத்தம், சுகாதாரம் என்ற வாதம் இந்த ஒப்பீட்டில்தான் உடைந்தது. ஆர்லாண்டோவில் பார்வையாளரின் உணவு பூங்காவை நாசமாக்கவில்லை என்று நிறுவனமே ஒவ்வொரு நாளும் நிரூபித்துக்கொண்டிருந்தது.

சட்டம் என்ன சொல்லியது

சீனாவில் இந்த மாதிரி விதிகளுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் பாவாங் தியாவ்குவான். பாவாங் என்றால் தன் பலத்தால் எல்லோரையும் அடக்கி ஆளும் அரசன். தியாவ்குவான் என்றால் விதிக்கூறு. நம் வாய்க்கு வருகிற சொல்லில் சொன்னால் அடாவடி விதி. உணவகங்களில் வெளியிலிருந்து மது கொண்டுவரத் தடை, தனியறைக்குக் குறைந்தபட்சச் செலவு என்றெல்லாம் எழுதி வைத்திருந்ததை 2014 பிப்ரவரியில் சீன உச்ச மக்கள் நீதிமன்றமே நியாயமற்ற விதிகள் என்று சொல்லிவிட்டது. ஆகவே மாணவி புதுப் பாதை வெட்டவில்லை. இருந்த பாதையில் ஒரு தீம் பார்க்கை நிறுத்திவைத்தார்.

அவர் பக்கம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, அப்போது நடப்பில் இருந்த ஒப்பந்தச் சட்டம். ஒரு தரப்பு முன்கூட்டியே எழுதி வைத்து, மறுதரப்பு பேசி மாற்ற வாய்ப்பே இல்லாமல் ஒப்புக்கொள்ளும் விதிகளை அது தனியாகக் கையாள்கிறது. அப்படிப்பட்ட விதி மறுதரப்பின் முக்கிய உரிமையைப் பறித்தாலோ, அதன் பொறுப்பைக் கூட்டினாலோ செல்லாது என்று 40ஆம் பிரிவு சொல்லியது. (2021 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் குடிமைச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, கருத்து அதிலும் தொடர்கிறது.) இரண்டாவது, நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். 9ஆம் பிரிவு எதை வாங்குவது, வாங்காமல் விடுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. 26ஆம் பிரிவு, வணிகர் தன்னிச்சையாக எழுதும் நியாயமற்ற விதி செல்லாது என்கிறது.

இவற்றுக்கு அடுத்து வரும் 27ஆம் பிரிவைத்தான் நான் பலமுறை திரும்பப் படித்தேன். வணிகர், நுகர்வோரின் உடலையோ அவர் கையில் கொண்டுவரும் பொருளையோ சோதனையிடக் கூடாது. அந்தப் பிரிவில் இங்கே பொருந்தும் பகுதி இதுதான். கடைக்காரருக்குத் தன் கடையில் என்ன விற்பது என்று முடிவு செய்ய உரிமை உண்டு. வாங்க வந்தவர் பையைத் துழாவ உரிமை இல்லை.

பூங்காவுக்கும் இதற்கொரு பதில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடம். கத்தி, தீப்பற்றும் பொருள், வெடிபொருள் உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். இதை யார் மறுப்பார்? என் குழந்தை நிற்கும் வரிசையில் நிற்கும் எல்லோருடைய பையும் சோதிக்கப்பட வேண்டும் என்றே நானும் விரும்புவேன். சிக்கல் அடுத்த நொடியில் தொடங்குகிறது. கத்தியைத் தேடி உள்ளே போன கை பிஸ்கட்டைக் கண்டுபிடிக்கிறது. அந்த நொடியில் அந்தச் சோதனையின் பெயர் மாறிவிட வேண்டும். உயிரைக் காக்கத் தந்த அதிகாரம் கல்லாவைக் காக்கப் பயன்படுகிறது. பார்வையாளர் பாதுகாப்புக்காகத் திறந்து காட்டிய பை அது. கடை வியாபாரத்துக்காக யாரும் திறந்து காட்டவில்லை.

இதில் ஊழியர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாள் முழுக்க நின்றபடி முன்பின் தெரியாதவர்களின் பைகளைப் பார்த்து, திட்டு வாங்கி, அழுகிற பிள்ளையின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி வைக்கும் வேலை அவர்களுடையது. விதி எழுதியவர் அந்த மேசைப் பக்கம் வருவதில்லை.

விலக்கு என்னும் சலுகை

குழந்தைக்கும் நோயாளிக்கும் விலக்கு உண்டு என்பது எல்லாப் பூங்காக்களும் சொல்லும் பதில். ஷாங்காயும் சொன்னது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். அது வாசலில் எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்தப் பூங்கா, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்.

என் அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும், கால் மணி நேரம் பொறுத்துத் திரும்பச் சோதிக்க வேண்டும், பிறகு ஏதாவது வயிற்றுக்குப் போட வேண்டும் என்பது அவருக்கு மருத்துவர் சொன்ன பாடம். அதனால் சட்டைப் பையில் மிட்டாயும் கைப்பையில் பிஸ்கட்டும் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். சோதனை மேசையில் நின்ற ஊழியப் பையன் பிஸ்கட்டை எடுத்து ஓரமாக வைத்தான். நான் காரணம் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: "ஐயா, டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?"

சீட்டு இல்லை. அப்பா இன்சுலின் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ஊசி முனையைக் காட்டினார். பின்னால் நின்ற குடும்பத்தின் சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். பையன் சங்கடப்பட்டு இரண்டு பொட்டலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தான். மூன்றாவது மேசையிலேயே இருந்துவிட்டது. உள்ளே போன பிறகு "பிஸ்கட்தானேப்பா, விடு" என்றார் அப்பா. அதன்பின் வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

விலக்கு இருந்தது. வேலையும் செய்தது. அதற்கு விலையாகத் தன் நோயை வரிசைக்கு முன்னால் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. நிலக்கடலை ஒவ்வாதவர், கோதுமை ஒவ்வாதவர், மத விதிப்படி மட்டும் சாப்பிடுகிறவர், சாப்பிட மறுத்து ஒரே ஒரு பண்டத்தை மட்டும் ஏற்கும் ஆட்டிசக் குழந்தையின் தாய் என்று இந்த வரிசை நீளமானது. எல்லோருக்கும் பொதுவாக அனுமதி இருந்தால் இவர்களில் யாரும் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஷாங்காய் மாணவி நோயாளி என்று சொல்லிக்கொள்ளவில்லை, விலக்கும் கேட்கவில்லை. பசித்தால் சாப்பிடுவதற்கு வைத்திருக்கிறேன் என்பதையே போதுமான காரணமாக நிறுத்தினார். இந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் இது.

ஆகஸ்டில் எழுந்த புயல்

ஏப்ரலில் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஆதாரங்களை வைத்தன. அதன்பின் சில மாதங்கள் அதிக சத்தமில்லை. ஆகஸ்டில் செய்தி ஊடகங்கள் கையில் எடுத்ததும் வெய்போ என்னும் சீனச் சமூக ஊடகத்தில் விவாதம் பற்றிக்கொண்டது. உணவுத் தடையைவிடப் பையைத் துழாவிய செயல்தான் பலரைச் சுட்டது. அரசு சார்ந்த ஊடகங்களும் பூங்காவைக் கேள்வி கேட்டன. நுகர்வோர் அமைப்புகள் மாணவியின் பக்கம் பேசின.

இதில் தேசிய உணர்ச்சியும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேற்கே ஒரு மாதிரி, எங்களுக்கு ஒரு மாதிரியா என்ற கோபம் எளிதில் பரவும். ஷாங்காயின் பெரும்பங்கு உரிமை உள்ளூர்க் குழுமத்திடம் இருக்கிறது என்பதோ, சீனத்தின் பல உள்நாட்டுப் பூங்காக்களிலும் அதே தடை இருந்தது என்பதோ அந்தக் கோபத்தில் அடிபட்டுப் போயின. அயல் பெயர் தாங்கிய பூங்கா என்பதால் இந்த வழக்குக்குக் கிடைத்த வெளிச்சம், உள்நாட்டுப் பூங்கா ஒன்றின் மேல் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. மாணவியின் வாதத்துக்கு அந்த உணர்ச்சி தேவைப்படவும் இல்லை. அவர் கொண்டுவந்த சட்டப் பிரிவுகள் எந்த நாட்டு முதலாளிக்கும் ஒன்றுதான்.

50 யுவான்

2019 செப்டம்பர் 11 அன்று பூங்கா விதியை மாற்றியது. சொந்தமாகச் சாப்பிடுவதற்கு வெளி உணவைக் கொண்டுவரலாம். சூடுபடுத்த, மறுபடி சூடாக்க, அங்கேயே தயாரிக்க, குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய உணவுகளும், கடுமையான வாடை உள்ளவையும் மட்டும் கூடாது. டுரியன் பழம், புளிக்கவைத்து வாடையேறிய தோஃபு (சோயாப் பால்கட்டி) போன்றவை இந்தக் கடைசிப் பிரிவில் வரும்.

இந்தப் பட்டியல் நியாயமானது என்றே நினைக்கிறேன். சீனாவில் தானே சூடாகும் உணவுப் பெட்டிகள் நிறைய விற்கின்றன. அடித்தட்டில் சுட்ட சுண்ணாம்பு கலந்த பொட்டலம் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து ஆவி பீறிடும். பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் வரிசையில் அது வேண்டாம். மூடிய அரங்குக்குள் டுரியனும் வேண்டாம். இவை உண்மையான காரணங்கள். ஆர்லாண்டோவிலும் அனாஹைமிலும் முன்பே எழுதியிருந்த வாசகங்களோடு இந்தப் புது விதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் அப்படியே இருக்கிறது. வேறு ஊரில் பல ஆண்டுகளாகக் கைவசம் இருந்த விதியை எடுத்துவர ஒரு வழக்கு தேவைப்பட்டிருக்கிறது.

சோதனை முறையும் மாறியது. இனிப் பையைப் பார்வையாளரே திறந்து காட்டுவார். சந்தேகம் வந்தால் அந்தப் பொருளை அவரையே எடுத்துக் காட்டச் சொல்வார்கள் என்று பூங்கா அறிவித்தது. செய்தித் தலைப்புகளில் உணவு முன்னால் நின்றது. என்னைக் கேட்டால் இதுதான் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஜிப்பை இழுக்கும் கை யாருடையது என்பது சின்ன மாற்றம்போலத் தெரியும். உங்கள் கைப்பைக்குள் வேறொருவர் விரல்கள் துணிமணி, மாத்திரை, மாதவிடாய்ப் பஞ்சு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது சின்ன மாற்றமல்ல.

மறுநாள், செப்டம்பர் 12 அன்று, நீதிமன்றத்தின் சமரசத்தில் வழக்கு முடிந்தது. பூங்கா மாணவிக்கு 50 யுவான் கொடுத்தது. கேட்டதைவிட 3.70 யுவான் அதிகம். வாசலில் நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் ஏழரை மாதம்.

தீராமல் நின்றது

மாணவி வென்றாரா? நடைமுறையில் வென்றார். அதற்குப் பின் அந்த வாசலைக் கடந்த ஒவ்வொரு குடும்பமும் அதன் பலனை அனுபவிக்கிறது. சட்டத்தில்? சமரசம் என்றால் தீர்ப்பு இல்லை. தீம் பார்க்கின் உணவுத் தடை அடாவடி விதியா, இல்லையா என்று எந்த நீதிபதியும் அந்த வழக்கில் எழுதவில்லை. உணவைத் தேடிப் பையைச் சோதிப்பது 27ஆம் பிரிவை மீறுவதா என்பதும் எழுதப்படவில்லை. சீனத்தில் ஒரு கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். அப்படியும், கையில் ஒரு தீர்ப்பு இருந்திருந்தால் வேறொரு நகரத்தில், வேறொரு பூங்கா வாசலில் நிற்கிறவருக்குக் காட்ட ஏதாவது இருந்திருக்கும்.

பூங்காவின் வழக்கறிஞர்கள் நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். தோற்கும் வாய்ப்புள்ள வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன்பே விதியைத் தாங்களாக மாற்றிவிட்டால், மாற்றம் அவர்கள் தந்த சலுகையாக நிற்கிறது. பார்வையாளரின் உரிமையாக ஆவதில்லை. சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2017 நவம்பரில் இதே பூங்கா அப்படித்தான் ஒரு தளர்வான விதியை இறுக்கியது. இதைச் சொல்வதால் சமரசத்துக்கு ஒப்புக்கொண்ட மாணவியை நான் குறைசொல்லவில்லை. படிப்பு முடியாத ஒரு பெண், உலகின் மிகப் பெரிய கேளிக்கை நிறுவனம் ஒன்றின் விதியை மாற்ற வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இன்னும் மூன்று ஆண்டு போராட வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? அந்த வேலை நுகர்வோர் அமைப்புகளுடையது, அரசுடையது.

அந்த வழக்கில் கேட்கப்பட்ட இரண்டில், 46.30 யுவானுக்குப் பதில் 50 யுவான் வந்தது. விதி செல்லுமா என்ற முதல் கேள்விக்குப் புதோங் நீதிமன்றக் கோப்பில் பதில் இல்லை.